மூன்று சொற்களை நீக்கச் சொன்ன சம்பந்திக்கு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நானும் என் மனைவியும் நலம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேரனும் நலமாக இருப்பதை என் மகள் நாளொன்றுக்கு மூன்று முறை தொலைபேசியில் தெரிவித்துவருவதால், தனியாக விசாரிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பேரனுக்கு நான்காவது பல் முளைத்ததும், முளைத்த கையோடு அவன் தங்கள் மூக்குக்கண்ணாடியின் காதைக் கடித்து வளைத்ததும் உட்பட அனைத்தும் அறிந்தேன்.

தாங்கள் அனுப்பிய பதிவுத் தபால் கிடைத்தது. இருபது நிமிடப் பேருந்து தூரத்தில் இருந்துகொண்டு, ஒப்புகை அட்டை இணைத்து, என் பெயருக்குப் பின்னால் பதவியையும் எழுதி அனுப்பியிருந்தீர்கள். தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது, "யாராவது கேஸ் போட்டிருக்காங்களா சார்?" என்று கேட்டார். சம்பந்தி அனுப்பியது என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் எங்கோ பெண் கொடுத்திருக்கிறார் போலும்.

தங்கள் கடிதத்தின் சாரத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடிவிட்டு நடைமேம்பாலம் கட்டும் திட்டம் குறித்த மூன்றாவது கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், ஆறாம் பக்கத்தில், "வடிவமைப்பாளர் பதில் சொல்லவில்லை" என்று நான் எழுதியிருக்கும் மூன்று சொற்களை நீக்க வேண்டும். அந்த இடத்தில் "வடிவமைப்பாளர் உரிய விளக்கம் அளித்தார்" என்று சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை தாங்கள் என் வீட்டுப் படியை மிதிக்கமாட்டீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடக்கும் பேரனின் முதல் பிறந்தநாளுக்கும் வரமாட்டீர்கள். இவ்வளவுதானே? என் பதில்: மாற்ற மாட்டேன். ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன். கடிதத்தை இந்த வரியோடு முடித்திருக்கலாம். ஆனால் தாள் நிறைய மிச்சம் இருக்கிறது, மனதிலும் நிறைய இருக்கிறது.

நான் முப்பத்தொரு வருஷம் பதிவறையில் இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். கோப்புகள் எதிர்த்துப் பேசாது, எதை வைத்தோமோ அதுதான் இருக்கும். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது, கருத்துக் கேட்பு அலுவலராக இருந்தவர் அந்த வேலை என்னவென்று முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு நீண்ட மருத்துவ விடுப்பில் போய்விட்டார், மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். பொதுமக்களைக் கேட்காமல் பாலம் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, அதனால் கேட்க வேண்டும், அதற்காகப் பதிலை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று விளக்கினார். "மூணு கூட்டம், மூணு வருகைப் பதிவேடு, மூணு குறிப்பு. ஆட்சேபம் இல்லைன்னு எழுதி முடிச்சுடுங்க" என்றார். பாலத்தை வடிவமைத்த ஓய்வுபெற்ற பொறியாளர் எனக்குச் சம்பந்தி முறை, நான் இதில் உட்காருவது சரியா என்று எழுத்தில் கேட்டேன். அவர் வாயால் பதில் சொன்னார்: "அப்ப ரொம்ப வசதியாப் போச்சு." அன்றைக்கே விதிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் முதல் பக்கத்திலிருந்து படித்தேன் சம்பந்தி. அதில் "கேட்க வேண்டும்" என்று பதினேழு இடத்தில் போட்டிருக்கிறது. "முடிச்சுட வேண்டும்" என்று ஒரு இடத்திலும் இல்லை.

முதல் கூட்டம் எப்படி நடந்தது என்று நினைவிருக்கும். மேலதிகாரியே நாள் குறித்தார்: செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, எங்கள் அலுவலகத்தின் நான்காவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாத மாடி. விளம்பரம் செய்தித்தாளில் வந்தது. காணாமல் போன சான்றிதழ்களுக்கும் பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்கும் நடுவில், பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் படிக்கிற அளவில். நூற்றைம்பது பேருக்கு பிஸ்கட் பொட்டலம் வாங்கி அடுக்கியிருந்தேன். வந்தது மூன்று பேர். ஒருவர் மின்சாரப் புகார் கொடுக்க வந்து மாடி மாறியவர். ஒருவர் எந்தத் துறையில் எந்தக் கூட்டம் நடந்தாலும் ஃபேனுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்து தூங்குகிறவர். மூன்றாவது, டீ கொண்டுவந்தவர். தாங்கள் பாலத்தின் மாதிரியை மேசையில் வைத்து, தீக்குச்சிக் கைப்பிடியையும் பஞ்சு மரங்களையும் காட்டி, முக்கால் மணி நேரம் பேசினீர்கள். நல்ல பேச்சு. டீக்காரர் ரசித்தார். முடிந்ததும் மேலதிகாரி என் தோளைத் தட்டி, "பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை, எழுதிக்குங்க" என்றார். நான் "பொதுமக்கள் வரவில்லை" என்று எழுதினேன். ரெண்டும் ஒண்ணுதானே என்று கேட்டார். கல்யாணத்துக்கு ஒருத்தருமே வராவிட்டால் எல்லாருக்கும் சாப்பாடு பிடித்திருந்தது என்று எழுதலாமா சார் என்று கேட்டேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் எழுத்து மூலம்தான்.

இரண்டாவது கூட்டத்தை நானே ஏற்பாடு செய்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன், அந்தக் கூட்டத்தின் சீர்கேடுகள் அத்தனைக்கும் நானே பொறுப்பு, அதை ஒளிக்கவில்லை. மக்கள் வேலை முடிந்து வருகிற நேரம், சாயங்காலம் ஆறு மணி, கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற பள்ளிக்கூடம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிக்கச் சொன்னேன். அறிவித்தவருக்கு நான் எழுதிக்கொடுத்த வாசகம் சப்பென்று இருந்திருக்கிறது. "உங்கள் பெயரைப் பதிவு செய்து பயன்பெறுங்கள்" என்று தன் கைச்சரக்கைக் கடைசியில் சேர்த்துவிட்டார். பயன் என்றால் என்ன பயன்? வீடு கொடுக்கிறார்கள் என்று இரண்டாவது தெருவில் ஆரம்பித்து, ஐந்தாவது தெருவுக்குள் வீட்டுக்கு எத்தனை அறை என்பதுவரை முடிவாகிவிட்டது. நானூறு பேர் வந்தார்கள், ஆளுக்கு இரண்டு புகைப்படமும் அடையாள அட்டை நகலும் வைத்துக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த நாற்காலிகளோ மழலையர் வகுப்பு நாற்காலிகள். மேலதிகாரி முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள், நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தோம். அன்றைக்குவரை நமக்குள் நன்றாகத்தான் இருந்தது. வீடு இல்லை, கேட்டைத்தான் மூடப்போகிறோம் என்று நான் மைக்கில் சொன்னதும் எழுந்த சத்தத்தில் மைக் தானாகவே நின்றுவிட்டது.

அந்த அமளியில்தான் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பிஸ்கட் கேட்கிறார்கள் என்று நினைத்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினேன், கை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆடியது. இன்னொன்று எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். வெளியே சக்கர நாற்காலியில், கேட்டுக்கு இந்தப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். "பிஸ்கட் நல்லா இருக்கு சார். கேள்வி ஒண்ணு இருக்கு" என்றார். உள்ளே வந்து கேளுங்களேன் என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தக் கட்டடத்தின் வாசலில் ஆறு படி இருப்பது எனக்கு உறைத்தது. இடத்தைப் போய்ப் பார்த்து வந்தவன் நான்தான். ஃபேன் ஓடுகிறதா, குடிதண்ணீர் இருக்கிறதா, பின்வரிசைக்குக் கேட்குமா, எல்லாம் பார்த்தேன். படியை ஏறித்தான் போனேன், படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "அடுத்த கூட்டம் எங்க சார்?" என்று மட்டும் கேட்டார். அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன்: கேட்டிலேயே.

கேட்டில் கூட்டம் போட்டது பைத்தியக்காரத்தனம் என்று தங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் சம்பந்தி? கேட்டை மூடினால் பாதிக்கப்படுகிற ஆள் யார்? கேட்டைக் கடக்கிறவர். அவர் எங்கே நிற்பார்? கேட்டில். எப்போது நிற்பார்? கேட் மூடியிருக்கும்போது. காலை ஏழு மணிக்கு ஒரு தடவை கேட் விழுந்தால் எட்டு நிமிஷம், பத்து நிமிஷம், முந்நூறு பேர் வேறு வேலையில்லாமல் நம்மைப் பார்த்தபடி நிற்கிறார்கள். இப்படிப்பட்ட சபை எந்த மண்டபத்தில் கிடைக்கும்? ஒரு சின்னச் சங்கடத்தை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட் திறந்தால் சபை போய்விடும். மேலதிகாரி "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்து, திட்டத்தின் நோக்கம் என்று வாயெடுக்கும்போது கேட் தூக்கியது, பெரியோர்களும் தாய்மார்களும் பைக்கில் ஏறிப் போய்விட்டார்கள். அடுத்த ரயிலுக்குப் புது சபை. மறுபடி பெரியோர்களே தாய்மார்களே. நான்கு தடவை ஆரம்பித்தார், ஒரு தடவையும் நோக்கத்தைத் தாண்டவில்லை. "கூட்டம் 7.12க்குக் கலைந்தது, 7.19க்கு மீண்டும் கூடியது, 7.27க்குக் கலைந்தது" என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். கூட்டத்துக்குத் தலைமை மேலதிகாரி என்று அழைப்பிதழில் போட்டிருந்தாலும், உண்மையில் தலைமை தாங்கியது கேட் கீப்பர்தான். அவர் தன் அறை ஜன்னலிலிருந்து, "சார், இது எக்ஸ்பிரஸ், மூணு நிமிஷம்தான், சுருக்கமாப் பேசுங்க" என்று நேரம் அறிவித்துக்கொண்டிருந்தார். சரக்கு ரயில் வந்தபோது தங்கள் மாதிரியின் பஞ்சு மரங்கள் எல்லாம் பறந்துபோய்த் தண்டவாளத்தில் விழுந்தன. நாலு பேர் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்து தங்கள் கையில் கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? நல்லதை எழுதினால் உங்கள் கண்ணில் படாதே.

இவ்வளவு குளறுபடியிலும், கேட்டுத் தெரிந்துகொண்டது எவ்வளவு சம்பந்தி. கேன் தண்ணி போடுகிறவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டைக் கடக்கிறார் என்று நம் அறிக்கையில் எங்காவது இருந்ததா? அந்தப் பக்கத் தையல்காரம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று மாசம், பாலத்துக்கு ஐம்பத்தெட்டுப் படி என்றதும் அவர் கைப்பையைத் திறந்து மாத்திரையைக் காட்டினார், அதற்குமேல் என்ன பேச்சு வேண்டும்? ஐம்பத்தாறு வயசில் முதல் தடவையாக, நான் எழுதுகிற தாளை ஜனங்கள் எட்டிப் பார்த்து, "என் பேரை சரியா எழுதினீங்களா?" என்று கேட்டார்கள். பதிவறையில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

பிறகு 7.44க்கு விழுந்த கேட். இதைத்தானே நீக்கச் சொல்கிறீர்கள், முழுசாக எழுதிவிடுகிறேன். ரிப்பேர் கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மாதிரி வைத்திருந்த மேசைக்கு நேராக வந்து நின்றார். தங்களைப் பார்த்துத்தான் கேட்டார்: "சார், கடை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். இப்ப கேட் தூக்கினா நானே தள்ளிக்கிட்டுப் போயிடுவேன். பாலம் வந்தப்புறம் நான் எப்படிப் போறது?"

மேலதிகாரி குறுக்கே புகுந்து, நிர்வாகம் இதைக் கனிவுடன் பரிசீலிக்கும் என்று ஆரம்பித்தார். "நான் அவரைக் கேட்டேன்" என்றார் கடைக்காரர், கோபமே இல்லாமல்.

தாங்கள் மாதிரியைப் பார்த்தீர்கள். பேனாவைத் திறந்தீர்கள், மூடினீர்கள். ரயில் வந்தது, போனது. கேட் தூக்கியது. அன்றைக்குத்தான் நான் பார்த்தேன் சம்பந்தி, கேட் திறந்தும் ஒருத்தர்கூட நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களும் முன்னால் இருப்பவர்கள் அசையாததைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். கேட் கீப்பர் இறங்கி வந்து, அடுத்த வண்டி வருது, போங்கப்பா என்றார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "இருங்க, அவர் சொல்லட்டும்" என்றார். நாலு நிமிஷம். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன், நாலு நிமிஷம். அப்புறம் தாங்கள் மாதிரியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் குனிந்து, நடந்ததை எழுதினேன். மூன்று சொல். நான் நினைத்திருந்தால் நாலு நிமிஷத்தையும் எழுதியிருக்கலாம், பேனாவைத் திறந்து மூடியதையும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் சம்பந்தி மரியாதை தெரியும்.

மறுநாளே மேலதிகாரி கூப்பிட்டு, மாற்றி எழுதாவிட்டால் பதிவறைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். சொந்த வீட்டுக்குப் போகச் சொல்லி யாராவது மிரட்டுவார்களா? எப்போது போகட்டும் சார் என்று கேட்டேன். பிறகு வீட்டுப் பக்கமிருந்து ஆரம்பித்தது. "மூணு வார்த்தைக்காக ஒரு சம்பந்தத்தைக் கெடுத்துக்கணுமா?" என்று என் வீட்டுக்காரி நாலு நாளாகச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் கேட்கிறாள், தட்டும் கொஞ்சம் சத்தமாகத்தான் விழுகிறது. மகள் ஃபோனில், அப்பா நீங்க செஞ்சது சரி, ஆனா மாமா ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே எழுந்து போயிடறார், எங்கேயோ வெளியே கிளம்பிப் போறார், யார்கிட்டயும் சொல்றதில்லை என்று அழுகிறாள். மாப்பிள்ளை குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எனக்கு ஃபோன் செய்து, "மாமா, அப்பா பக்கமும் நான் பேச முடியல, உங்க பக்கமும் பேச முடியல, தண்ணி வேற தீரப்போகுது" என்கிறார். நல்ல பிள்ளை. அவரை இப்படி வளர்த்ததற்காக உங்களுக்கு என் நன்றி. ஆனால் மாற்ற மாட்டேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன், மனசைத் தொட்டுச் சொல்லுங்க. உரிய விளக்கம் அளித்தார்னு நான் எழுதினா, நாளைக்கு அந்தக் கடைக்காரர் தகவல் கேட்டு மனுப் போட்டு அந்த விளக்கத்தைக் காட்டுங்கன்னு வந்து நின்னா, எதைக் காட்டுவேன்? முப்பது வருஷம் பாலம் கட்டினவர் நீங்க. வாயில வந்ததைச் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம், எங்க மேலதிகாரி மாதிரி. நீங்க சமாளிக்கல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசாம நின்ன ஒரே ஆள் அன்னிக்கு நீங்கதான். அதை நான் குறிப்பில எழுதினா உங்களுக்கு அவமானமா? எனக்கு அப்படித் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா அது உங்க கணக்கு, என் பேனாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் நடக்கும். மாலை நாலு மணி. கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது, ஒரே ஒரு மெழுகுவர்த்தி. முன் வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடுவேன், பெரியவர்கள் உட்காருகிற நாற்காலிதான். நீங்கள் வராவிட்டால் அது காலியாக இருக்கும். நாளைக்கு என் பேரன் வளர்ந்து புகைப்படத்தைப் பார்த்து அந்த நாற்காலி என்ன என்று கேட்டால், தாத்தா வரவில்லை என்று சொல்வேன். தாத்தா வருகை தந்து சிறப்பித்தார் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்காகவும் சொல்ல மாட்டேன், என் மேலதிகாரிக்காகவும் சொல்ல மாட்டேன். பதிவில் ஒரு தேதி, ஒரு நேரம், ஒரு எழுத்து, எவருக்காகவும் எந்தக் காலத்திலும் நான் மாற்றியதில்லை, இனிமேலும் மாற்றப்போவதில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்களைத் தெரிவிக்கவும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். பேரனின் நான்கு பல்லுக்கும் தனித்தனியே என் முத்தங்கள். தங்கள் மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் தவறாமல் கொடுத்துவரவும்; கோபத்தில் அதை விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மீது மரியாதையும், தன் குறிப்பின் மீது அதைவிட ஒரு பிடி கூடுதல் மரியாதையும் உள்ள
சம்பந்தி

பி.கு.: மேலே கண்ட கடிதத்தை உறையில் போட்டு, தபாலில் சேர்க்க அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். எழுத்து மூலக் கருத்துகளுக்கு இன்று மாலை ஐந்து மணி கடைசி. ஐந்து அடித்ததும் பெட்டியைப் பூட்டி, அரக்கு வைத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். ஐந்தேகாலுக்குத் திட்டத்தை ஆதரித்து ஒரு கட்டு மனுவோடு வந்த ஒப்பந்தக்காரரின் ஆளை விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். ஐந்து இருபத்தைந்துக்கு, கீழே ரிப்பேர் கடைக்காரர் வந்திருக்கிறார் என்று காவலாளி சொன்னார். இறங்கிப் போனேன். மடியில் நீளமான உறை. "பஸ்ல நாற்காலியை ஏத்த லேட்டாயிடுச்சு சார். உங்க சம்பந்தி நாலு நாளா சாயங்காலமானா என் கடையிலதான் இருக்கார். வண்டியை இப்படித் திருப்புங்க, அப்படித் திருப்புங்கன்னு அளந்துக்கிட்டே இருக்கார். நான் வண்டியை விக்கப்போறேன்னு கஸ்டமரெல்லாம் விலை கேக்குறாங்க" என்றார். உள்ளே, பென்சிலில் வரைந்த மூன்று தாள். பாலத்தின் இரண்டு பக்கமும் சாய்தளம், நாற்காலி திரும்ப இடம், நடுவில் மூச்சு வாங்க இடம். மேலே ஆட்சேபப் படிவம். ஆட்சேபிப்பவர் பெயர் என்ற இடத்தில் தங்கள் கையெழுத்து. ஆட்சேபத்துக்கான காரணம் என்ற இடத்தில், "வடிவமைப்பு தவறு. வடிவமைத்தது நான்."

அரக்கை உடைத்தேன். நானூற்றுப் பன்னிரண்டாவது ஆட்சேபம், பெறப்பட்ட நேரம் மாலை 4.50 என்று முத்திரை போட்டேன். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் ஃபோன் செய்து திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன், அவருக்கும் 4.50தான், பாரபட்சம் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. யாராவது விசாரித்தால் என் கடிகாரம் அரை மணி பின்னால் ஓடுகிறது என்று சொல்லிவிடவும். என் வீட்டுக்காரியும் அப்படியே சொல்வதாக ஒப்புக்கொண்டு, நாலு நாளைக்குப் பிறகு இன்றைக்குத் தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள்.